திமிங்கலத்தின் காது எங்கே?

நீலத் திமிங்கலத்தின் படம் ஒன்றை எடுத்து உற்றுப் பாருங்கள். வாய் தெரியும். உடம்புக்குப் பொருந்தாத சின்னக் கண் தெரியும். துடுப்பும் வாலும் தெரியும். காது மட்டும் தெரியாது. ஆடு மாட்டைப் போல, நம்மைப் போல, அதுவும் பாலூட்டிதான். குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. நீர்மட்டத்துக்கு வந்து நுரையீரல் நிறைய மூச்சு வாங்குகிறது. அப்படியானால் காது எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை. கண்ணுக்குச் சற்றுப் பின்னால் தோலில் ஒரு சின்னஞ்சிறு துளை இருக்கிறது. அதுதான். காது மடல் கிடையாது. மடல் இருந்தால் நீந்தும்போது தண்ணீர் அதைப் பிடித்து இழுக்கும். அந்தத் துளையும்கூட உள்ளே போகப் போக அடைபட்டுக் கிடக்கிறது. இதைப் பார்த்துவிட்டு, பாவம், இவற்றுக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். உலகத்தில் காதை நம்பியே வாழும் விலங்குகளில் முதல் வரிசையில் நிற்பவை திமிங்கலங்களும் டால்பின்களும்தான்.

கடலுக்குள் கண்ணை நம்பிப் பிழைக்க முடியாது. 200 மீட்டர் ஆழம் போனாலே சூரிய வெளிச்சம் மங்கிவிடும். 1000 மீட்டருக்குக் கீழே முழு இருட்டு. மேல்மட்டத்திலும் தண்ணீர் கலங்கியிருந்தால் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஒலிக்கோ தண்ணீர் ராஜபாட்டை. காற்றில் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிற ஒலி, கடல்நீரில் சுமார் 1500 மீட்டர் போகும். தாழ்ந்த சுருதியில் எழும் ஒலி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும்.

இதை நீங்களே கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும், நீச்சல்குளத்திலோ ஆழமில்லாத கிணற்றுத் தொட்டியிலோ தலையை முக்கிக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு அடியில் யாராவது இரண்டு கூழாங்கற்களைத் தட்டட்டும். 'டக் டக்' என்று பக்கத்திலேயே கேட்கும். இப்போது கண்ணை மூடிக்கொண்டு, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கையைக் காட்டச் சொன்னால் திணறிப்போவீர்கள். சத்தம் தலைக்குள்ளேயே கேட்பதுபோல இருக்கும்.

காரணம் இதுதான். வெளியே ஒரு சத்தம் இடப்பக்கத்திலிருந்து வந்தால், இடது காதுக்கு ஒரு கணம் முந்தியும் வலது காதுக்கு ஒரு கணம் பிந்தியும் போய்ச் சேரும். அந்த நுண்ணிய வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைச் சொல்கிறது. தண்ணீரில் ஒலி நான்கு மடங்குக்கும் மேல் வேகமாக வருகிறது. அதோடு, நம் மண்டை ஓட்டு எலும்பு வழியாகவே புகுந்து இரண்டு காதையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எட்டிவிடுகிறது. மூளை குழம்பிவிடுகிறது.

டால்பினுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அதன் உட்காதை மூடியிருக்கும் கெட்டி எலும்பு, நமக்கு இருப்பதுபோல மண்டை ஓட்டோடு சேர்ந்து பதிந்திருக்கவில்லை. தசைநார்களில் தொங்குகிறது. சுற்றிலும் காற்றும் நுரையும் நிறைந்த பைகள். எனவே மண்டை அதிர்ந்தாலும் அந்த அதிர்வு காதைத் தொடாது. இடது காது தனியாகக் கேட்கும், வலது காது தனியாகக் கேட்கும்.

சரி, காதுத் துளையோ அடைபட்டிருக்கிறது, மண்டை வழியாகவும் வரக்கூடாது என்றால் ஒலி எந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறது?

தாடை வழியாக! அமெரிக்க விஞ்ஞானி கென்னத் நாரிஸ் 1960களில் இதைச் சொன்னபோது கேட்டவர்கள் வியந்துபோனார்கள். டால்பினின் கீழ்த்தாடை எலும்பு பின்பக்கம் போகப் போக மெலிந்துகொண்டே போகிறது. விளக்கின் முன்னால் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவித் தெரியும் அளவுக்கு மெல்லியது. தாடைக்குள் வெற்றிடம் இல்லை. ஒரு தனி வகைக் கொழுப்பு நிரம்பியிருக்கிறது. அந்தக் கொழுப்பு நேராக உட்காது வரை நீள்கிறது. தண்ணீரில் வரும் ஒலி தாடையில் பட்டு, கொழுப்பு வழியே பயணம் செய்து காதை அடைகிறது என்பது நாரிஸின் கருத்து.

இது சரியா என்று பார்க்க ஒரு நல்ல சோதனை செய்தார்கள். 1988இல் அதன் முடிவு வெளிவந்தது. டால்பினின் கீழ்த்தாடைக்கு ரப்பர் உறை மாட்டினார்கள். முதலில் ஒலியைத் தடுக்காத உறை. டால்பின் வழக்கம்போல ஒலியைக் கொண்டே பொருள்களை இனம்கண்டு சொன்னது. பிறகு ஒலியைத் தடுக்கும் உறை. டால்பின் தடுமாறியது. இரண்டு முறையும் உறை போட்டதுதான் இந்தச் சோதனையின் அழகு. ஒரே ஒரு உறையை மட்டும் மாட்டியிருந்தால், 'புதிதாக எதையோ வாயில் கட்டிவிட்டார்கள், அதனால்தான் மிரண்டது' என்று யாரும் சொல்லிவிடலாம் அல்லவா?

நாரிஸ் அதற்கு முன்பே இன்னொன்றையும் காட்டியிருந்தார். கேத்தி என்ற டால்பினின் இரண்டு கண்களையும் ரப்பர் கிண்ணங்களால் மூடினார். தொட்டிக்குள் வரிசையாகக் குழாய்களைத் தொங்கவிட்டார். கேத்தி எதிலும் இடிக்காமல் புகுந்து புகுந்து நீந்திப் போனது. 'க்ளிக் க்ளிக்' என்று நொடிக்குப் பல தடவை ஒலி எழுப்பி, அது பொருள்மேல் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டே எங்கே என்ன இருக்கிறது என்று டால்பின்கள் தெரிந்துகொள்கின்றன. வௌவாலும் இதைத்தான் காற்றில் செய்கிறது. நம் காது நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். டால்பினுக்கு ஒன்றரை லட்சம் வரை எட்டும். நம் கங்கை டால்பினுக்குக் கண்ணில் வில்லையே கிடையாது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு மேல் அதற்கு ஏதும் தெரியாது. அந்தக் கலங்கல் ஆற்றில் அது மீன் பிடித்து வாழ்வது முழுக்க எதிரொலியால்தான்.

அந்தக் 'க்ளிக்' எங்கிருந்து பிறக்கிறது தெரியுமா? தொண்டையிலிருந்து இல்லை, மூக்கிலிருந்து. தலை உச்சியில் இருக்கும் மூச்சுத் துளைக்குக் கீழே உதடு போன்ற இரண்டு மடிப்புகள் உண்டு. காற்றை அவற்றுக்கு இடையே தள்ளினால் அவை படபடக்கும். அந்த ஒலியை நெற்றியில் உள்ள கொழுப்பு உருண்டை ஒன்றுகூட்டி முன்னோக்கி அனுப்புகிறது. டால்பினின் நெற்றி புடைத்துக்கொண்டு இருப்பது இதனால்தான். பயன்படுத்திய காற்றையும் அது வெளியே விட்டுவிடுவதில்லை. உள்ளே இருக்கும் பைகளில் பிடித்து வைத்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது.

இதையே பிரம்மாண்டமாகச் செய்கிறது ஸ்பெர்ம் திமிங்கலம். அம்பர்கிரிஸ் என்ற வாசனைப் பொருள் பிடிபட்டது என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அந்த அம்பர்கிரிஸ் உண்டாவது இதன் குடலில்தான். இதன் உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலை. தலையில் பெரும்பகுதி மூக்கு! மூக்கின் முன்நுனியில் பிறக்கும் ஒலி, எண்ணெய் நிரம்பிய ஒரு பெரிய பை வழியே பின்னோக்கிப் போய், மண்டை ஓட்டை ஒட்டிய காற்றுப் பையில் மோதித் திரும்பி, இன்னொரு கொழுப்புப் பாதை வழியே முன்னால் பாய்கிறது. உலகத்தில் எந்த விலங்கும் இதைவிட உரத்த ஒலி எழுப்புவதில்லை. ஆயிரம் மீட்டருக்கும் கீழே, இருட்டில் கணவாய்களைத் தேடிப்போகிற விலங்குக்கு அது தேவைதான்.

வேட்டை முடிந்து மேலே வந்ததும் அதே 'க்ளிக்' ஒலி பேச்சாக மாறுகிறது. கரீபியன் கடலில் டொமினிக்கா தீவைச் சுற்றி வாழும் ஸ்பெர்ம் திமிங்கலக் குடும்பங்கள் ஒரு தாளம் வைத்திருக்கின்றன. ஒரு தட்டு, சற்று இடைவெளி, ஒரு தட்டு, சற்று இடைவெளி, பிறகு வேகமாக மூன்று தட்டு. மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள். பசிபிக் கடலில் வாழும் கூட்டங்களுக்கு வேறு வேறு தாளங்கள். குட்டி பிறந்தவுடனே இதைப் பிசகில்லாமல் தட்டிவிடாது. முதலில் உளறும். தாயும் பெரியம்மா சித்திகளும் தட்டுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் பழகிக்கொள்ளும். தன் கூட்டத்துத் தாளத்தைத் தட்டுகிறவர்களோடுதான் ஸ்பெர்ம் திமிங்கலம் சேர்ந்து வாழ்கிறது.

டால்பின்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. ஒவ்வொரு டால்பினும் குட்டியாக இருக்கும்போதே தனக்கென்று ஒரு சீழ்க்கையை உருவாக்கிக்கொள்கிறது. ஒரு நொடி அளவே நீடிக்கும் ஒலி அது. ஏறி இறங்கி வளையும் அதன் வடிவம் வேறு யாருக்கும் இருக்காது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் விஞ்ஞானிகள் இந்தச் சீழ்க்கைகளைக் கணினியில் மறுபடி உருவாக்கித் தண்ணீருக்குள் ஒலிக்கவிட்டார்கள். தன்னுடைய சீழ்க்கையைக் கேட்ட டால்பின் உடனே அதே சீழ்க்கையைத் திருப்பி அடித்தது. முன்பின் தெரியாத டால்பினின் சீழ்க்கையை ஒலிக்கவிட்டபோது அப்படிச் செய்யவில்லை. 2013இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

அதே ஆண்டில் வெளிவந்த இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிடப் பிடிக்கும். அல்லி, பெய்லி என்று இரண்டு பெண் டால்பின்கள். சிறு வயதில் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒன்றாக இருந்தவை. பிறகு ஒன்றைச் சிகாகோ பக்கமும் இன்னொன்றைப் பெர்முடாவுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஒருநாள் பெய்லிக்கு ஒலிபெருக்கியில் அல்லியின் சீழ்க்கையைப் போட்டார்கள். பெய்லி ஒலிபெருக்கியை நெருங்கிவந்து கவனித்தது. ஒன்றாம் வகுப்பில் உங்களோடு படித்து ஊர் மாறிப்போன நண்பரின் குரலை 20 ஆண்டு கழித்து உங்களால் அடையாளம் காண முடியுமா?

திமிங்கலமும் டால்பினும் மட்டும் அல்ல, நம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இன்னொரு பாலூட்டி கீச்சுக்குரலில் பேசுகிறது. கடற்பசுதான் அது. ஆவுளியா என்று நம் மீனவர்கள் சொல்வார்கள். 400 கிலோ வரை கனக்கும் அந்த விலங்கின் குரல் குருவிக் குரல். கடல்தாழையை மேயும் தாயும் குட்டியும் கீச்சொலியாலேயே ஒன்றையொன்று தொடர்புகொள்கின்றன. 2022இல் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுக்களுக்கான காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் இதுதான் முதலாவது.

இனி கூன்முதுகுத் திமிங்கலம், நீலத் திமிங்கலம் போன்ற பெரிய திமிங்கலங்களுக்கு வருவோம். கூன்முதுகுத் திமிங்கலத்தின் ஆண் பாடும். மணிக்கணக்கில் பாடும். பெர்முடா கடலில் பதிவான பாட்டுகளைக் கேட்டு, இது ஏதோ தாறுமாறான சத்தம் அல்ல, அடி அடியாக அமைந்து திரும்பத் திரும்ப வருகிற பாட்டு என்று ரோஜர் பெய்ன், ஸ்காட் மெக்வே என்ற ஆய்வாளர்கள் 1971இல் எழுதினார்கள். ஒரு கடற்பகுதியில் எல்லா ஆண்களும் ஒரே பாட்டைத்தான் பாடும். ஆனால் அந்தப் பாட்டு மாறிக்கொண்டே இருக்கும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ஒரு புதுப்பாட்டு கிளம்பினால், ஓரிரு ஆண்டுகளில் அது தீவு தீவாகப் பசிபிக்கைக் கடந்து பிரெஞ்சு பாலினேசியாவுக்கே போய்விடுகிறது.

நீலத் திமிங்கலத்தின் குரல் மிகத் தாழ்ந்த சுருதி. பல சமயம் நம் காதுக்கு எட்டாத தாழ்வு. பதிவை வேகமாக ஓட்டினால்தான் நமக்குக் கேட்கும். இலங்கையைச் சுற்றியுள்ள நீலத் திமிங்கலங்களுக்கென்று தனிப் பாட்டு உண்டு. 1984இல் திருகோணமலைக்கு அப்பால் கடலில் அதைப் பதிவு செய்தார்கள். நீலத் திமிங்கலங்களின் பாட்டில் ஒரு புதிரும் இருக்கிறது. 1960களிலிருந்து உலகெங்கும் அவற்றின் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வருகிறது. ஏன் என்று இதுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. உங்களில் ஒருவர் கண்டுபிடிக்கலாம்.

இந்தப் பெரிய திமிங்கலங்கள் டால்பின்களையும் ஸ்பெர்ம் திமிங்கலத்தையும் போல மூக்கால் ஒலி எழுப்புவதில்லை. நம்மைப் போலத் தொண்டையால்தான். 2024இல் டென்மார்க் விஞ்ஞானிகள், கரை ஒதுங்கி இறந்த மூன்று திமிங்கலங்களின் குரல்வளைகளை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் அவற்றினூடே காற்றை ஊதிப் பார்த்தார்கள். அந்தக் குரல்வளை தாழ்ந்த சுருதிகளைத்தான் எழுப்பும், அதுவும் கடலின் மேல்மட்டத்தில்தான் என்று தெரிந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது காதுக்குத் திரும்புவோம்.

நீலத் திமிங்கலத்தின் காதுத் துளை அடைபட்டிருக்கிறது என்றேன். எதனால் அடைபட்டது? குறும்பியால்! பிறந்ததிலிருந்து சாகும்வரை அந்தக் குறும்பி வெளியே வராது, உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். வெளிர் நிறத்தில் ஒரு படலம், கருநிறத்தில் ஒரு படலம் என்று, மரத்தின் வளையங்கள் போல அடுக்கடுக்காகப் படியும். இரை நிறையத் தின்னும் காலத்துக்கு ஒரு நிறம், நெடும்பயணம் போகும் காலத்துக்கு இன்னொரு நிறம். எண்ணினால் திமிங்கலத்தின் வயது தெரிந்துவிடும்.

2007இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா அருகே கப்பல் மோதி ஒரு நீலத் திமிங்கலம் இறந்தது. அதன் காதிலிருந்து எடுத்த குறும்பிக் கட்டியின் நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். உங்கள் அடிக்கோலை எடுத்து அளந்து பாருங்கள். அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ட்ரம்பிளும் சாஷா உசென்கோவும் அதைப் படலம் படலமாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒவ்வொரு படலத்திலும் அந்தந்தக் காலத்து கார்ட்டிசால் இருந்தது. பயமும் பதற்றமும் வரும்போது உடம்பில் கூடும் சுரப்புநீர் அது. நமக்கும் தேர்வு நாளில் கூடும். அந்தத் திமிங்கலம் எந்த வயதில் எவ்வளவு பதறியது என்று அதன் காதிலேயே எழுதியிருந்தது.

பிறகு அருங்காட்சியகங்களில் இருந்த பழைய கட்டிகளையும் சேர்த்து, 1870 முதல் 2016 வரையிலான காலத்தை அவர்கள் ஆராய்ந்தார்கள். திமிங்கல வேட்டை ஓங்கியிருந்த 1960களில் கார்ட்டிசால் உச்சத்தில் இருந்தது. அதில் ஆச்சரியமில்லை. இரண்டாம் உலகப்போர் ஆண்டுகளிலும் அது கூடியிருந்தது. அப்போது வேட்டைக் கப்பல்கள் குறைந்துபோயிருந்தன, வேட்டையும் குறைவு. ஆனால் கடல் முழுக்கப் போர்க்கப்பல்கள், நீர்மூழ்கிகள், வெடிகள். தன்னை யாரும் துரத்தாதபோதும் திமிங்கலம் பதறியிருக்கிறது.

இன்று போர் இல்லாத கடலிலும் இரைச்சல் இருக்கிறது. சரக்குக் கப்பலின் உந்துவிசிறி வேகமாகச் சுழலும்போது அதன் இதழ்களை ஒட்டித் தண்ணீரில் குமிழ்கள் உண்டாகி, உடனே நொறுங்குகின்றன. ஒவ்வொரு குமிழ் நொறுங்குவதும் ஒரு சிறு வெடி. லட்சக்கணக்கான வெடிகள் சேர்ந்து ஒரே உறுமலாகின்றன. அந்த உறுமலின் சுருதியும் பெரிய திமிங்கலங்களின் பேச்சுச் சுருதியும் ஏறத்தாழ ஒன்றே. வட அட்லாண்டிக்கின் ரைட் திமிங்கலங்கள் இரைச்சலில் குரலை உயர்த்திக் கத்திப் பார்க்கின்றன. ஆனால் குரல்வளைக்கு ஓர் எல்லை உண்டு, பார்த்தோம் இல்லையா? அதற்கு மேல் அவற்றால் முடியாது. அந்த இனத்தில் இன்று 400க்கும் குறைவான திமிங்கலங்களே மிஞ்சியிருக்கின்றன.

இந்த ரைட் திமிங்கலங்களைப் பற்றி ஓர் உண்மைக் கதை. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ரோசலிண்ட் ரோலண்ட் என்ற விஞ்ஞானி படகில் போய்த் திமிங்கலச் சாணத்தைச் சேகரித்துக்கொண்டிருந்தார். ஆமாம், சாணம்தான்! அது செந்நிறத்தில் மிதக்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். பின்னாட்களில் நாய்களைப் பழக்கிப் படகின் முன்பக்கத்தில் நிறுத்தி, மோப்பம் பிடிக்கவைத்துத் தேடினார்கள். நாய் எந்தப் பக்கம் மூக்கை நீட்டுகிறதோ அந்தப் பக்கம் படகைத் திருப்ப வேண்டியதுதான். திமிங்கலத்துக்கு ஊசி போட்டு ரத்தம் எடுக்க முடியாது. சாணத்தில் இருந்தே அதன் பதற்றத்தை அளந்துவிடலாம்.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டன. அடுத்த சில நாட்கள் ஃபண்டி விரிகுடாவிலும் கப்பல் போக்குவரத்து வெகுவாகக் குறைந்தது. ரோலண்டின் குழு அப்போதும் சாணம் சேகரித்தது. அதே நேரத்தில் வேறொரு வேலைக்காகக் கடலுக்கடியில் ஒலிப்பதிவும் நடந்துகொண்டிருந்தது. பின்னால் இரண்டையும் ஒப்பிட்டபோது உண்மை தெரிந்தது. இரைச்சல் 6 டெசிபல் குறைந்திருந்தது. ஒலியின் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். திமிங்கலங்களின் பதற்றச் சுரப்பும் இறங்கியிருந்தது. அதற்கடுத்த ஆண்டுகளில், அதே செப்டம்பரில், அந்த இறக்கம் இல்லை.

இதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இருக்கிறது. கடலில் கொட்டிய பிளாஸ்டிக்கை அள்ளி முடிக்கத் தலைமுறைகள் ஆகும். இரைச்சல் அப்படி இல்லை. நிறுத்தினால் அந்த நிமிடமே போய்விடும். நிறுத்தக்கூட வேண்டாம், கப்பல் கொஞ்சம் மெதுவாகப் போனாலே குமிழ்கள் குறைந்துவிடும். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ஹாரோ நீரிணை இருக்கிறது. அங்கே டால்பின் இனத்தைச் சேர்ந்த ஓர்காக்கள் எதிரொலியைக் கேட்டு சால்மன் மீனைப் பிடித்துத் தின்று வாழ்கின்றன. வான்கூவர் துறைமுகம் 2017இல் கப்பல்களிடம் அந்தப் பகுதியில் மட்டும் மணிக்கு 11 கடல் மைல் வேகத்தில் போகும்படி கேட்டுக்கொண்டது. கட்டாயம் இல்லை, வேண்டுகோள்தான். பெரும்பாலான கப்பல்கள் கேட்டன. கடலடியில் வைத்த ஒலிவாங்கிகளில் இரைச்சல் குறைந்தது பதிவானது. அதன்பின் ஆண்டுதோறும் ஓர்காக்கள் வரும் பருவத்தில் இந்த வேகக் குறைப்பு நடக்கிறது.

அந்தப் பகுதியில் கடலுக்கடியில் கேட்கும் ஒலியை 'ஓர்காசவுண்ட்' என்ற இணையதளம் நேரலையில் தருகிறது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கால்மணி நேரம் கேட்டுப் பாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். கப்பல் ஒலி எத்தனை நிமிடம், அமைதி எத்தனை நிமிடம், சீழ்க்கையோ 'க்ளிக்' ஒலியோ கேட்டால் எந்த நேரம். ஒரு வாரம் குறித்து வைத்து, வகுப்பில் மற்றவர்களின் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் நாளே ஓர்கா பேசிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவை வரும் நாள் வரை கப்பல்களைக் கணக்கெடுப்பதும் ஆராய்ச்சிதான்.